ஐந்து அங்குலம்

தம்பியிடமிருந்து அழைப்பு வந்தபோது நான் இளங்கலை இரண்டாம் ஆண்டு வகுப்பில் புறநானூற்றின் 102ஆம் பாடலை நடத்திவிட்டு ஆசிரியர் அறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடியது. வழியின் மேடுபள்ளத்தில் என்ன நேருமோ என்று அஞ்சி, உப்பு வணிகர்கள் தங்கள் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போவார்கள். அந்தச் சேம அச்சைப் போன்றவன் நீ என்று அவனை வாழ்த்துகிறார். 'ஸ்டெப்னி மாதிரியா ஐயா?' என்று ஒரு மாணவன் கேட்டான். ஆமென்றேன். எல்லோரும் சிரித்தோம்.

"அண்ணே, சின்ன டிராக்டர் பெட்டிய அஞ்சு அங்குலம் ஏத்தப் போறேன். பட்டைய அச்சுக்கு மேல மாத்திட்டா ஏறிடும்னு பட்டறையில சொல்றாங்க. சனிக்கிழமை வர்றியா?"

வருகிறேன் என்றேன். அச்சைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று அவன் யோசித்ததாகத் தெரியவில்லை. வீட்டில் எந்தக் காரியம் தொடங்கினாலும் மூத்தவன் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது அவனுடைய சாத்திரம். மயிற்பீலியே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்ற குறளைத் தேர்வில் எத்தனையோ முறை வினாவாக வைத்திருக்கிறேன். ஓர் அச்சு எவ்வளவு கனம் என்று இந்தக் கைகளால் தூக்கிப் பார்த்ததில்லை. ஆனால் அழைப்பு முடிந்த பிறகும் நெடுநேரம் நான் கைப்பேசியைப் பிடித்தபடி நின்றதற்குக் காரணம் அறியாமை அல்ல. எங்கள் வீட்டில் ஒரு வண்டியை உயர்த்துவது இது முதல் முறை இல்லை.

எங்கள் ஊர் குளித்தலைப் பக்கம், காவிரியின் தென்கரை. வாழைதான் பிரதானம், பூவன், ஏலரிசி, கொஞ்சம் கற்பூரவல்லி. வாழைத் தோப்புக்குள் பெரிய டிராக்டர் நுழையாது. அதனால் தம்பி சிறிய டிராக்டர் ஒன்றும், அதற்கேற்ற இரண்டு சக்கரப் பெட்டி ஒன்றும் வைத்திருக்கிறான். பெட்டியைக் கட்டிய பட்டறைக்காரர் தார் ஏற்ற வசதியாக இருக்கட்டும் என்று அதைத் தாழ்வாகக் கட்டிவிட்டார். சாலையில் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. வாய்க்கால் கரைத் தடத்தில்தான் தெரிந்தது. மழைக்காலத்தில் சக்கரங்கள் உழுத இரண்டு பள்ளங்களும் ஆழமாகி, நடுவில் மண் மேடு நின்றுவிடும். பெட்டியின் அடிப்பகுதி அந்த மேட்டில் உரசி, சில நாட்களில் அப்படியே உட்கார்ந்துவிடும். ஒன்றரை டன் வாழைத்தாரோடு உட்கார்ந்துவிட்ட பெட்டியை எழுப்புவது எத்தகைய பாடு என்று நான் விளக்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் இறக்க வேண்டும். வெயிலில் கிடக்கும் தாருக்கு வியாபாரி விலையைக் குறைப்பார்.

சனிக்கிழமை காலை பட்டறைக்குப் போனபோது பெட்டியை மரக்கட்டைகளின்மேல் ஏற்றிச் சக்கரங்களைக் கழற்றி வைத்திருந்தார்கள். பட்டறை மேஸ்திரிக்கு அறுபது வயதிருக்கும். கல்லூரி வாத்தியார் என்று தம்பி அறிமுகப்படுத்தியதும் அவர் எனக்கு ஒரு கவிழ்த்த டின்னை இருக்கையாகப் போட்டு, கிட்டத்தட்ட பாடம் நடத்தினார். நல்ல பாடம்.

பாரம் தாங்குவது பட்டை; அடுக்கடுக்காக வைத்த எஃகுத் தகடுகள், இரண்டு முனையும் மேல்நோக்கி வளைந்து சட்டத்தில் தொங்கும். சக்கரங்களை இணைப்பது அச்சு. இந்தப் பெட்டியில் இரண்டரை அங்குலச் சதுர இரும்பு. இரண்டையும் யூ போல்ட்டுகள் பிணைக்கின்றன. இப்போது பட்டை அச்சுக்குக் கீழே கிடக்கிறது. அதாவது அச்சின் வயிற்றில் பட்டை தொங்க, பட்டையில் பெட்டி தொங்குகிறது. இதையே மாற்றி, பட்டையை அச்சின் முதுகில் உட்கார வைத்தால் பெட்டி உயர்ந்துவிடும். எவ்வளவு உயரும்? அச்சின் கனம் இரண்டரை, பட்டை அடுக்கின் கனம் இரண்டரை, ஆக ஐந்து அங்குலம். கணக்கு அவ்வளவுதான்.

வேலைதான் அவ்வளவு இல்லை. பட்டை உட்கார அச்சின் மேல்பக்கத்தில் புதிய இருக்கைத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். பட்டை அடுக்கைக் கோத்திருக்கும் நடுப்போல்ட்டின் தலை எப்போதும் அச்சைப் பார்த்திருக்க வேண்டும். அந்தத் தலை இருக்கைத் தகட்டின் துளையில் இறங்கி நிற்பதால்தான் அச்சு முன்னும் பின்னும் நகராமல் இருக்கிறது. ஆகவே அதைக் கழற்றித் தலைகீழாகப் போட வேண்டும். "அச்சையே புரட்டிப் போட்டுவிட்டால் என்ன? இருக்கை தானாக மேலே வந்துவிடுமே" என்று கேட்டேன். மேஸ்திரி சிரித்தார். சில அச்சுகளுக்கு நடுவில் மேல்நோக்கி மெல்லிய வளைவு கொடுத்திருப்பார்களாம். பாரம் ஏறும்போது அது நேராகும். அதைத் தெரியாமல் புரட்டினால் சக்கரங்கள் தலையை உள்ளே சாய்த்துக்கொண்டு ஓடும், டயரின் உள்விளிம்பு தேய்ந்துபோகும். "கண்ணுக்குத் தெரியாத வளைவு சார் அது. நூல் புடிச்சாத்தான் தெரியும்."

அப்போது நான் கேட்ட இன்னொரு கேள்விதான் எனக்கே சற்றுப் பெருமையாக இருந்தது. அச்சு எவ்வளவு உயரும் என்று கேட்டேன். மேஸ்திரி தம்பியைப் பார்த்தார், பிறகு என்னை. "அச்சு எங்க சார் உயரும்? அது சக்கரத்துக்கு நடுவுல இருக்கு. டயர் எவ்வளவோ அவ்வளவுதான் அதோட உயரம்."

உண்மைதான். ஐந்து அங்குலம் உயர்வது பெட்டியும் அதன்மேல் ஏறும் பாரமும். தரையில் உரசிக்கொண்டிருந்த பட்டை மேலே போய்விடுவதால் அடியில் கிடைக்கும் இடைவெளி இரண்டரை அங்குலம் மட்டுமே. இரண்டரை அங்குலம் தரையிலிருந்து தப்பிக்க ஐந்து அங்குலம் பாரத்தை உயர்த்துகிறோம். பெரிய டயர் போட்டால் என்ன என்று தம்பி முன்பே கேட்டுவிட்டானாம். பாரம் ஏறிப் பட்டை அமுங்கும்போது டயர் பெட்டியின் அடியில் உரசும் என்று மேஸ்திரி மறுத்துவிட்டார்.

தேநீர் வந்தது. நான் தம்பியை வெளியே அழைத்துக்கொண்டு போனேன்.

அவனுக்கு நினைவிருக்க நியாயமில்லை. 1991ஆம் ஆண்டு மாசி மாதம் அவனுக்கு ஆறு வயது. எனக்குப் பன்னிரண்டு.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அப்பா எங்கள் மரச்சக்கர வண்டியை டயர் வண்டியாக மாற்றினார். எங்கும் அப்படி மாறிக்கொண்டிருந்த காலம். காற்றடைத்த டயரில் பாரம் எளிதாக உருளும். மாட்டுக்கு உழைப்புக் குறைவு. இரும்புப் பட்டா சாலையைக் கிழிப்பதுமில்லை. பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநராக இருந்த என்.எஸ். ராமசாமி, மாட்டுவண்டியையும் அதை இழுக்கும் விலங்கின் துன்பத்தையும் ஒரு நிர்வாகவியல் பொருளாகவே எடுத்துக்கொண்டு பல ஆண்டுகள் எழுதியும் பேசியும் வந்தவர் என்பதைப் பின்னாளில் படித்தேன். அப்பா எதையும் படித்து மாற்றவில்லை. பழைய கார் ஒன்றின் அச்சு மலிவாகக் கிடைத்தது, மாற்றினார்.

மரச்சக்கரம் ஐந்தடி உயரம். அதன் இருசு தரையிலிருந்து இரண்டரை அடியில் இருக்கும். கார்ச் சக்கரத்தின் நடு ஓரடிக்குச் சற்று மேல். ஆகவே வண்டியின் பார் திடீரென்று ஓரடிக்கும் மேல் தாழ்ந்துபோனது. மாட்டின் கழுத்து தாழவில்லை. நுகத்தடி அங்கேயே நிற்க, வண்டி பின்பக்கம் சரிந்து மல்லாந்தது. ஏற்றியதெல்லாம் பின்பாரம். நுகம் மேலே எழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கியது. இடத்துக்காளை இருமிக்கொண்டே நடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அப்பா ஆசாரியை அழைத்தார். இருசுக்கும் பாருக்கும் இடையில் கட்டை வைத்து உயர்த்துவதென்று முடிவாயிற்று. ஆசாரி ஆறு அங்குலம் போதும் என்றார். நுகத்தடி மட்டத்திற்கு வரவில்லை என்று அப்பா இன்னும் நான்கு கேட்டார். "அகலம் இல்லண்ணே," என்று ஆசாரி சொன்னது எனக்குக் கேட்டது. பழைய இருசை விடக் காரின் அச்சு குறுகலானது. சக்கரத்துக்குச் சக்கரம் முக்கால் அடிக்குமேல் குறைந்திருந்தது. பழைய உயரம் வேண்டுமானால் பழைய அகலமும் வேண்டும் என்பதுதான் அவர் சொன்னதன் பொருள் என்று இப்போது புரிகிறது. அப்பா பத்து அங்குலக் கட்டை போட்டார். காளையின் இருமல் நின்றது. அதையும் சொல்லியாக வேண்டும். அவர் மாட்டுக்காகத்தான் அதைச் செய்தார்.

அந்த மாசி மாதம் வைக்கோல் ஏற்றிக்கொண்டு கரையில் வந்தோம். நான் வைக்கோலின் உச்சியில். அங்கிருந்து பார்த்தால் வாய்க்காலின் இரு கரையும் மறுகரைத் தென்னைகளும் தெரியும். கரையிலிருந்து களத்துக்கு இறங்கும் சரிவில் வண்டி திரும்பியது. சரிவு அப்படியொன்றும் செங்குத்தில்லை. உச்சியில் இருந்த எனக்கு முதலில் எதுவும் உறைக்கவில்லை, வானம்தான் ஒரு பக்கமாக நகர்ந்தது. பிறகு நான் சேற்றில் கிடந்தேன். வண்டி 'குடைசாய்ந்தது' என்று தமிழில் ஒரு சொல் இருக்கிறது. குடையைப் போல உயரத்தில் கனத்தை விரித்துக்கொண்டு நிற்பதுதான் அப்படிச் சாயும். அந்தச் சொல்லை விளக்க நேர்ந்தபோதெல்லாம் நான் குரலைத் தாழ்த்திக்கொண்டு அடுத்த வரிக்குப் போயிருக்கிறேன்.

எனக்கு ஒரு கீறலும் இல்லை. வலத்துக்காளையின் முன்னங்கால் முறிந்தது.

சாய்ந்த இடத்துக்குப் பத்தடி முன்னால், கரையில் ஒரு வெட்டு இருந்தது. பங்காளிச் சித்தப்பா தன் தோப்புக்குத் தண்ணீர் விட வெட்டி, சரியாக மூடாமல் விட்டிருந்தார். சக்கரம் அந்த மடையில் இறங்கியதால்தான் வண்டி சாய்ந்தது என்று அப்பா சொன்னார். முதலில் யாரோ கேட்டதற்கு ஆமென்று தலையசைத்தாரா, அவராகவே சொன்னாரா என்பது எனக்குத் தெளிவில்லை. மாலைக்குள் அது ஊரின் செய்தியாகிவிட்டது. கோயில் வாசலில் பெரியவர்கள் கூடினார்கள். சித்தப்பா மறுத்தார். ஒரு பெரியவர் என்னை அருகில் அழைத்து, "தம்பி, நீதான் மேல இருந்த. சக்கரம் மடையில இறங்குச்சா?" என்று கேட்டார்.

மடையைத் தாண்டியபோது வண்டி ஒருமுறை குலுங்கிச் சமநிலையில் நின்றதை நான் மேலிருந்து பார்த்திருந்தேன். அப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா," என்றேன்.

மாட்டின் விலையில் பாதியைச் சித்தப்பா கொடுக்க வேண்டுமென்று தீர்ப்பாயிற்று. கொடுத்தார். அதன்பின் இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. எங்கள் வீட்டுத் திருமணங்களுக்கு அவர்கள் வரவில்லை, அவர்கள் வீட்டுக் காதுகுத்துக்கு நாங்கள் போகவில்லை. 2014இல் அப்பா இறந்தபோது சித்தப்பா வந்து தெருவில், பந்தலுக்கு வெளியே, உடலை எடுக்கும்வரை நின்றார். உள்ளே வாருங்கள் என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை. வண்டியை அப்பா அந்த மாதமே விற்றுவிட்டார். விற்பதற்கு முந்தைய இரவு அரிக்கேன் விளக்கோடு வண்டியடியில் உட்கார்ந்து, கட்டையின் உயரத்தையும் சக்கரங்களின் அகலத்தையும் அவர் சாண் வைத்து அளந்துகொண்டிருந்ததைத் திண்ணையில் படுத்தபடி பார்த்தேன். அதைப் பற்றி நாங்கள் ஒருபோதும் பேசிக்கொண்டதில்லை.

இவ்வளவையும் பட்டறை வாசலில், வெல்டிங் புகை நடுவே, தம்பியிடம் சொன்னேன். சொல்லும்போதே அப்பாவை அவனிடமிருந்து கொஞ்சம் பிடுங்குகிறேன் என்று உணர்ந்தேன். அவனுக்கு அப்பா வேறொருவர். சித்தப்பாவின் மடையால் மாட்டை இழந்தும் யாரையும் ஏசாத மனிதர். அவன் ஒன்றும் சொல்லவில்லை. தேநீர்க் குவளையை வைத்துவிட்டு உள்ளே போய் மேஸ்திரியிடம், "அச்ச ரெண்டு பக்கமும் மூணு மூணு அங்குலம் நீட்ட முடியுமாண்ணே?" என்று கேட்டான்.

அச்சில் ஒட்டுப் போடக்கூடாது என்றார் மேஸ்திரி. பாரமெல்லாம் அந்த ஒட்டில்தான் வந்து நிற்கும். நீளமான அச்சு வேண்டுமென்றால் புதிதாகத்தான் வாங்க வேண்டும். செலவு ஏறக்குறைய இரு மடங்கு. தம்பி தலையசைத்தான்.

அடுத்த வாரம் கல்லூரியில் இயற்பியல் துறை நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தில் பாதியை, பாரத்தின் நடு இருக்கும் உயரத்தால் வகுக்க வேண்டும். அகலம் 48 அங்குலம், நடு 45 அங்குல உயரம் என்று வைத்தால் 24க்கு 45. சாய்வைத் தாங்கும் எல்லை சுமார் 28 பாகை. ஐந்து அங்குலம் உயர்த்தினால் 24க்கு 50; எல்லை 26 பாகைக்குக் கீழே இறங்குகிறது. அச்சை ஆறு அங்குலம் நீட்டினால் 27க்கு 50; மறுபடி 28. தம்பி எந்தத் தாளும் இல்லாமல் சொன்ன எண் அது. இது அசையாமல் நிற்கும் பெட்டிக்கான கணக்கு, பட்டையின் ஆட்டத்திலும் திருப்பத்திலும் எல்லை இன்னும் குறையும் என்று நண்பர் எச்சரித்தார்.

தார் சுமக்கும் பெண்களின் கணக்கு வேறு. பெட்டியின் தளம் இதுவரை அவர்கள் இடுப்புயரத்தில் இருந்தது. பக்கப்பலகையை இறக்கிவிட்டால் தலைச்சுமையைச் சரித்து ஒரே வீச்சில் தளத்தில் கிடத்திவிடலாம். "இனிமே வெலா வரைக்கும் வந்துருமே, தம்பி. நாள் முழுக்கத் தூக்குறவளுக்குத் தெரியும் அஞ்சு அங்குலம்னா என்னன்னு," என்றார் ஒரு அத்தை. அவர் சொன்னதற்கு எங்களிடம் முழுமையான பதில் இல்லை. பெட்டியின் பின்புறம் இரும்புப் படி ஒன்றைத் தொங்கவிட்டு, மேலே நின்று தாரை வாங்க ஓர் ஆளைக் கூடுதலாக வைத்திருக்கிறான் தம்பி. ஆள் கூலியைக் குறித்து அவன் மனைவி இன்னமும் முணுமுணுக்கிறாள்.

பத்து நாளில் வேலை முடிந்தது. கடைசி நாள் நானும் இருந்தேன். மேஸ்திரி இழுவைக் கொக்கியின் துளையிலிருந்து கயிறு பிடித்து அச்சின் இரண்டு முனைகளுக்கும் அளந்தார். இரண்டும் ஒத்து வரும்வரை சுத்தியலால் தட்டித் தட்டி நகர்த்திய பிறகே யூ போல்ட்டுகளை இறுக்கினார். பெட்டி உயர்ந்ததால் அதன் மூக்கு டிராக்டரை நோக்கிக் குனிந்துவிட்டது. அப்பாவின் வண்டி மல்லாந்ததற்கு நேரெதிர். பாரமெல்லாம் முன்னால் போகும். கொக்கிக்குக் கீழே தடித்த தகடு வைத்து, துளையை ஐந்து அங்குலம் தாழ்த்தினார்கள். பெட்டி மட்டமாக நின்றது. நூறு கிலோமீட்டர் ஓடியதும் கொண்டுவந்து யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்கிக்கொள்ள வேண்டும் என்று அவர் மூன்று முறை சொன்னார்.

வெறும் பெட்டியோடு கரைவழியே வீட்டுக்குப் போனோம். தம்பி ஓட்ட, நான் மட்கார்டில் உட்கார்ந்திருந்தேன். நடுமேடு அடியில் உரசவில்லை. 1991இல் சாய்ந்த இடம் வந்தபோது தம்பி வேகத்தைக் குறைத்தான். நான் இடத்தைக் காட்டவில்லை, அவனாகவே குறைத்தான். அதைத் தாண்டிச் சித்தப்பாவின் வீட்டுக்கு முன்னால் டிராக்டரை நிறுத்தினான். நிறுத்தப் போவதாக என்னிடம் அவன் சொல்லியிருக்கவில்லை.

சித்தப்பா திண்ணையில் இருந்தார். எண்பதைத் தாண்டியவர். எழுந்து கம்பை ஊன்றிக்கொண்டு வந்து, எங்களைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்தார். குனிந்து அடியில் பார்த்தார்.

"எவ்வளவு ஏத்துனீங்க?"

"அஞ்சு அங்குலம், சித்தப்பா," என்றான் தம்பி. "அச்சு ஆறு அங்குலம் நீளம் கூட."

அவர் சக்கரத்தின் ஓரத்தில் கம்பை நட்டு, எட்டி மறுபக்கச் சக்கரத்தைப் பார்த்தார். "அண்ணன் பத்து ஏத்துச்சு," என்றார். "அகலத்த விட்டுருச்சு."

நான் மட்கார்டிலிருந்து இறங்கினேன். எத்தனையோ ஆண்டுகள் ஒத்திகை பார்த்த வாக்கியம், வகுப்பில் நான் பேசும் தமிழில் எனக்குள் இருந்தது. வந்தது அது இல்லை. "சக்கரம் மடையில இறங்கல, சித்தப்பா. நான் பாத்தேன்."

"தெரியும்ப்பா. மறுநா வெள்ளனவே தடத்தப் பாத்துட்டேன்," என்றார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, இரண்டு பேருக்குக் காப்பி போடும்படி உரக்கச் சொன்னார். தம்பி டிராக்டரை அணைத்துவிட்டு இறங்கினான்.